நெக்கின் அடியில் ஒரு பென்சில் எழுத்து

மெல்லிசைக் குழுவில் வாசித்த பெரியப்பா விட்டுச்சென்ற பேஸ் கிட்டார் ஒன்று வீட்டில் இருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கை உரசிய இடமெல்லாம் பெயின்ட் போய் மரம் தெரிகிறதாம். கார் பெயின்டரிடம் கொடுத்துப் புதுசு மாதிரி ஆக்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அது எந்தக் கம்பெனி பேஸாக இருந்தாலும், முதலில் தூசு துடைத்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எழுத்தின் அருமை புரிய, கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்னும் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

பேஸ் எப்படி ஒலிக்கும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையராஜாவின் பாட்டில் வளர்ந்த காது, மற்ற வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு அந்த அடிக்குரலை மட்டும் தனியே முணுமுணுக்கும். அந்தக் குரலுக்கான கருவியை 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அந்த ஃபுல்லர்டனில் இருந்த லியோ ஃபெண்டர். கணக்கியல் படித்தவர், ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் வாசிப்பவர்களின் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து ஊர் ஊராக அலைவது பெரும்பாடு. மேடையில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முழங்கும்போது அதன் சத்தம் எடுபடவும் இல்லை. 1930-களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் மின்சார பேஸ் ஒன்றைச் செய்திருந்தாலும் அது பரவவில்லை. ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் பரவியது. தோளில் மாட்டிக்கொள்ளலாம்; நெக்கில் ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டிகள் இருப்பதால் சுருதி பிசகாது; கிட்டார் வாசிப்பவரும் எடுத்துக் கையாளலாம். 34 அங்குலக் கம்பி நீளம் என்று அவர் வைத்த அளவுதான் இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு.

1957-இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிரித்தார்கள். காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியதுதான் பிக்கப். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் இரைச்சலையும் அதே சுருள் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் தொல்லை. இரண்டு பாதிகளையும் எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் நிற்கும். 1960-இல் மெல்லிய நெக்கும் இரண்டு பிக்கப்பும் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. 1965-இல் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. பழைய பேஸ் வாங்கி விற்பவர்களுக்கு இதுதான் எல்லைக்கோடு. 'ப்ரீ-சிபிஎஸ்' (சிபிஎஸ்ஸுக்கு முந்தையது) என்ற சொல் ஒட்டிக்கொண்டால் விலை வேறு. 1960-களின் தொடக்கத்து ஜாஸ் பேஸ்கள் இன்று பத்தாயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன.

ஒரு பேஸ் செய்யப்பட்ட வருஷத்தைத்தான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பக்கம் உலோகத் தகட்டில் சீரியல் நம்பர் இருக்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பெட்டியில் கிடந்த தகடுகளைக் கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டியதால் எண்கள் வருஷ வரிசையில் இல்லை. தகட்டின் நான்கு ஸ்குரூவையும் கழற்றினால் நெக் தனியே வந்துவிடும். பாடிக்குள் பொருந்தியிருந்த அதன் அடிப்பகுதியில், அறுபது எழுபது வருஷம் வெளிச்சமே படாத மேப்பிள் மரம் வெளிறித் தெரியும். அங்கேதான் தேதி இருக்கும். 1960-களின் நெக் என்றால் பெரும்பாலும் முத்திரை. 1950-களின் நெக் என்றால் பென்சில். சில நெக்குகளில் தேதிக்கு முன் 'டி.ஜி.' என்று இரண்டு எழுத்து. ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் நெக் இழைத்துக்கொண்டிருந்த டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி தன் வேலை முடிந்ததும் போட்ட கையெழுத்து அது. வாங்குபவர் கண்ணில் படவேண்டும் என்று அவர் எழுதவில்லை. ஸ்குரூ முடுக்கியதும் மறைந்துவிடும் இடத்தில் எழுதினார். இன்று அந்த இரண்டு எழுத்தைக் காண்பதற்காகவே நெக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள்.

முன்பக்கத் தகட்டைத் திறந்தால் இன்னொரு தேதி. வால்யூம் குமிழுக்கு அடியிலிருக்கும் பாகத்தின் உலோக முதுகில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3046615 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அடுத்த 66 என்பது 1966. கடைசி 15 என்பது அந்த வருஷத்தின் பதினைந்தாவது வாரம், அதாவது ஏப்ரல் மாதம். இந்த பேஸ் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது என்று மட்டுமே இது சொல்லும். ஃபெண்டர் 1966-இல் இந்தப் பாகங்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, அடுத்த சில வருஷங்களுக்கு அதிலிருந்தே எடுத்துப் பொருத்தியது. அதனால் 1969-இல் செய்த பேஸுக்குள்ளும் 66 என்ற எண் இருக்கலாம். நெக்கில் ஒன்று, குமிழில் ஒன்று, சில பேஸ்களில் பிக்கப்பின் அடியில் ஒன்று என்று கிடைக்கும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாம் ஒத்துப்போகும் காலத்தைத் தேடுவதுதான் முறை.

பிக்கப் சுற்றியவர்களில் புகழ்பெற்றவர் அபிகேல் இபாரா. 1956-இல் வேலைக்குச் சேர்ந்து 2013 வரை ஃபெண்டரில் இருந்தார். பின்னாளில் அவர் சுற்றிய பிக்கப்புகளில் அவருடைய கையொப்பம் இருக்கும். அதற்காகவே காத்திருந்து வாங்கினார்கள். இதை எழுதுபவரின் வீட்டில் இன்னும் புழங்கும் பித்தளைத் தவலை ஒன்றில், பாட்டிக்குச் சீர் கொடுத்தவரின் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது. அந்த எழுத்தை நீக்கிவிட்டால் எடைக்குப் போடும் பித்தளைதான் மிஞ்சும். பேஸ் கிட்டாருக்குள் இருக்கும் பென்சில் எழுத்தும் அந்த மாதிரியானதுதான்.

இந்த இடத்தில் வணிகத்தைப் பற்றி ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். முழு பேஸாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் காசு கூட வருகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நெக் ஒருவருக்கு, பிக்கப் ஒருவருக்கு, குமிழ்கள் இன்னொருவருக்கு. அழகாக வைத்திருக்கும் வேறொரு பேஸில் ஒரு பாகம் குறைகிறது என்பதற்காக ஒன்றைக் குலைக்கிறார்கள். ஒத்துப்போகும் தேதிகள் நான்கு வீட்டுக்குச் சிதறியபின் அந்தக் கருவியின் வரலாற்றை யாராலும் திரும்பக் கூட்ட முடியாது. ஒரு பாகம் உண்மையிலேயே கெட்டுப்போனால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றியதை ஒரு உறையிலிட்டு, தேதி எழுதி, பேஸின் பெட்டியிலேயே வைக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

பெயின்டுக்கும் இதே நியாயம்தான். 1960-களில் ஃபெண்டர் கார்களுக்கு அடிக்கும் டூபான்ட் வண்ணங்களையே பயன்படுத்தியது. விருப்ப வண்ணம் கேட்டால் விலையில் 5 சதவீதம் கூடுதல். அந்த வண்ணத்துக்காகவே இன்று விலை எகிறுகிறது. அதே பேஸைச் சுரண்டிப் புதுப்பூச்சு அடித்திருந்தால் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது விற்பவர்களின் பொதுக் கணக்கு. பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லியது; வியர்வையும் முழங்கையும் பட்டுத் தேயும், நுண்ணிய கீறலாக வெடிக்கும். யார் எப்படி வாசித்தார்கள் என்பது அந்தத் தேய்மானத்தில் பதிந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு: தொடவே கூடாது என்று பூட்டி வைப்பது. மிகப் பெரிய பேஸ் கலைஞர்கள் யாரும் தங்கள் கருவியை அப்படி நடத்தவில்லை.

டெட்ராய்டின் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜாமர்சன் வாசித்தது 1962-ஆம் வருஷப் பிரிசிஷன் பேஸ். வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். கனமான பட்டைச்சுற்றுக் கம்பியை அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜை மூடும் தகட்டுக்கடியில் ஃபோம் துண்டு வைத்து ஒலியின் நீட்டத்தைக் குறைத்திருந்தார். நெக்கின் அடிப்பக்கத்தில் 'ஃபங்க்' என்று நீல மையில் எழுதியிருந்தார். பழைய கம்பி, ஃபோம், ஒற்றை விரல் ஆகிய இவற்றிலிருந்து வந்த தடித்த, குட்டையான ஒலிதான் அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகளின் அடித்தளம். ஆனால் 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை மோடவுன் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் போடப்படவில்லை. 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அந்த பேஸ் திருட்டுப்போனது. இதுவரை கிடைக்கவில்லை.

ஜாகோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸின் கதை இன்னும் கடுமையானது. ஃப்ரெட்டுகள் நீக்கிய அந்த நெக்கின் பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை அதன்மேல் பூசியிருந்தார். விரல் வழுக்கிச் செல்லும்போது மனிதக்குரல் போல ஒலித்த அந்த நாதம் அதிலிருந்து வந்தது. பிறகு அது துண்டு துண்டாக உடைந்து, கைவினைஞர்கள் ஒட்டிச் சேர்த்தார்கள். 1986-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் திருட்டுப்போனது. இருபது வருஷம் கழித்து அது வெளிவந்தபோது, இதுதான் ஜாகோவுடையது என்று உறுதிசெய்தவர்களில் ஒருவர் அதை அன்று ஒட்டிய கெவின் காஃப்மன். சந்தை குறை என்று கழிக்கும் பழுதுபார்ப்பு, இங்கே சாட்சியாக நின்றது.

பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸுக்கும் இப்படித்தான். 1964-இல் அதற்கு மறுபடி வண்ணம் பூசி, பிக்கப்புகளைப் புதிய சட்டத்தில் பொருத்தினார்கள். அதனாலேயே அது மற்ற ஹோஃப்னர்களிலிருந்து வேறுபட்டது. 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து களவுபோய், சசெக்ஸ் வீடொன்றின் பரணில் கிடந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் உரியவரிடம் திரும்பியது. 2024 பிப்ரவரியில் அந்தச் செய்தி வெளியானது.

விலையும் வாசித்த கையையே பின்தொடர்கிறது. 2020-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் வாசித்த பில் வைமனின் 1969 ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் ஏலத்தில் 3,84,000 டாலருக்குப் போனது. பழகுபவர்களுக்காகக் குட்டைக் கம்பி நீளத்தில், குறைந்த விலையில் செய்யப்பட்ட மாடல் அது.

பூட்டி வைத்த பேஸ் பத்திரமாகவும் இருப்பதில்லை. 1960-களின் ஆமையோட்டு நிறப் பிக்கார்டு, அதாவது பாடியின் முன்பக்கத் தகடு, செல்லுலாய்டால் ஆனது. காலப்போக்கில் சுருங்கி, ஸ்குரூ இருக்குமிடத்தில் வெடிக்கும். அதிலிருந்து கசியும் ஆவி மூடிய பெட்டிக்குள் உலோகப் பாகங்களை அரிக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரக்காற்றும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும், பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை பிடிக்கும். மாதம் சில முறையாவது வெளியே எடுத்து வாசித்து, பருத்தித் துணியால் துடைத்து வைத்தால் இவ்வளவும் குறையும். நெக் வளைந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் தண்டு உடைந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர்கள் மரத்தையும் விசாரிக்க வேண்டும். ஏறக்குறைய 1960-களின் நடுப்பகுதிவரை ஃபெண்டர் விரல்பலகைக்குப் பிரேசில் ரோஸ்வுட்டையும், அதன்பின் இந்திய ரோஸ்வுட்டையும் பயன்படுத்தியது. பின்னது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டமே இயற்றியது. அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 2017 முதல் எல்லா ரோஸ்வுட் வகைகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019-இல் இந்திய ரோஸ்வுட்டால் ஆன இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. 1992 முதல் அது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. எனவே அந்த மரம் உள்ள பேஸை விற்பவரிடம் ஏற்றுமதிச் சான்று இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். கூடவே நெக்கின் அடிப்பகுதி, குமிழின் முதுகு, பிக்கப்பின் அடிப்புறம் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.