வீரன் யாருக்காக?

பண்டைய கிரேக்கத்தில் வீரன் என்று போற்றப்பட ஒருவன் நல்லவனாக இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை. மனித அளவை மீறியவனாக இருந்தால் போதும். செத்த பிறகும் ஊருக்கு நன்மையோ தீமையோ செய்யும் ஆற்றல் அவனுக்கு உண்டென்று நம்பி, கல்லறையில் பலியிட்டு வழிபட்டார்கள்.

ஆஸ்டிபாலியா தீவின் கிளியோமீடிஸைவிட இதற்குப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. கி.மு. 490-களில் ஒலிம்பியா குத்துச்சண்டையில் எதிராளியைக் கொன்றுவிட்டதால் அவனுக்குப் பரிசு மறுக்கப்பட்டது. புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன் ஒரு பள்ளிக்கூடத்தின் தூணைச் சாய்க்க, கூரை விழுந்து சுமார் 60 பிள்ளைகள் மாண்டார்கள். ஊரார் கல்லெறிந்து துரத்தினார்கள். அதீனா கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் புகுந்துகொண்டான். உடைத்துப் பார்த்தால் பெட்டி காலி. டெல்பியில் குறி கேட்டபோது, அவன்தான் கடைசி வீரன், அவனுக்குப் பலி கொடுங்கள் என்று பதில் வந்தது. கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதிவைத்த கதை இது. அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். அந்த ஊரார் அவனை வீரனாக வழிபட்டார்கள் என்று அவர் சொல்வதே கவனிக்கத் தக்கது.

‘இலியட்’ காவியத்தின் அகில்லீஸும் இந்த இனம்தான். தனக்குப் பரிசாகக் கிடைத்த பெண்ணைப் படைத்தலைவன் அகமெம்னன் பறித்த கோபத்தில் போரிலிருந்து ஒதுங்குகிறான். சொந்தப் படையினர் செத்து விழுகிறார்கள். புகழற்ற நீண்ட வாழ்வா, புகழோடு இளஞ்சாவா என்று அவன் எடைபோடும்போது நாட்டைப் பற்றிய பேச்சே இல்லை. ஊரையும் குடும்பத்தையும் காக்கப் போரிடுபவன் எதிரணியின் ஹெக்டர்; தோற்பவனும் அவனே.

ரோமானியர்களுக்கு அகில்லீஸ் போன்ற ஆள் ஆபத்தானவன். கி.மு. 340-ல் தளபதி மான்லியஸ் டார்குவாட்டஸின் மகன், உத்தரவை மீறி எதிரி ஒருவனோடு தனித்துப் பொருதி வென்று வந்தான். கட்டுப்பாட்டைக் குலைத்ததற்காகத் தந்தையே அவனுக்கு மரண தண்டனை விதித்தார். கிரேக்கக் காவியம் கொண்டாடியிருக்கும் செயல் இங்கே குற்றம். கி.மு. 458-ல் நெருக்கடிக்காலச் சர்வாதிகாரியாக அழைக்கப்பட்ட சின்சினாட்டஸ், எதிரியை முறியடித்து 16-ஆம் நாளே பதவியைத் துறந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அவர் எழுதியது நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. ரோம் தன் குடிமக்களிடம் எதை எதிர்பார்த்தது என்பதற்கே அது நல்ல சாட்சி.

இன்றைய அளவுகோலைப் பார்க்க, அமெரிக்காவின் கார்னெகி வீரர் நிதி உதவும். 1904 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஹார்விக் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. சுமார் 180 பேர் பலி. அதில் மீட்கச் சென்று உயிரிழந்த இருவரும் அடக்கம். அதே ஆண்டு எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி 50 லட்சம் டாலரில் இந்த நிதியை நிறுவினார். பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைத் துணிந்து பணயம் வைக்கும் சாதாரணக் குடிமக்களுக்கே பதக்கம். காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்டவருக்குப் பொதுவாகக் கிடையாது. அவர்கள் பெற வேண்டுமானால், கடமையை மீறிய துணிச்சல் தெளிவாகத் தெரிய வேண்டும். சொந்தக் குடும்பத்தாரைக் காத்தவருக்கும், உயிரையே இழந்தாலோ படுகாயமுற்றாலோதான் வாய்ப்பு. ரோமானியன் எந்தக் கடமைக்காகப் போற்றப்பட்டானோ, அதுவே இங்கே தகுதிக் குறைவாகிறது.

கொல்பவர்கள் காட்டுமிராண்டிக் காலத்து வீரர்கள், காப்பவர்களே நாகரிகத்தின் வீரர்கள் என்பது கார்னெகியின் கட்சி. படைவீரர்களுக்கு இந்தப் பதக்கம் இல்லை. அவர்களுக்கென அரசுகள் தனிப் பதக்கங்கள் வைத்திருக்கின்றன; அங்கே ரோமின் அளவுகோல் இன்றும் செல்லுபடியாகிறது.