அந்தியில் மணக்கும் பூக்கள்

வேலைக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குப் பகலில் கண்ணைப் பறிக்கும் பூக்களைவிட இரவில் மணக்கும் வெள்ளைப் பூக்களே பொருத்தம். குண்டுமல்லி, நிலசம்பங்கி, பவழமல்லி மூன்றும் அந்தி வேளையில்தான் இதழ் விரித்து வாசம் பரப்புகின்றன. இரவில் மலரும் பூக்கள் பலவும் அந்துப்பூச்சிகளை நம்பியே மகரந்தச் சேர்க்கை நடத்துகின்றன. இருட்டில் அவற்றை அழைக்கச் சிவப்பும் நீலமும் உதவாது. வெண்மையும் மணமுமே உதவும்.

மல்லிகைப் புதருக்குப் பாம்பு வரும் என்று தயங்குவோர் உண்டு. பாம்பு வருவது பூ வாசத்துக்காக அல்ல. எலியையும் தவளையையும் தேடியும், அடர்ந்த புதரில் ஒதுங்கவுமே வருகிறது. ஆகவே செடியையே ஒதுக்க வேண்டியதில்லை. அடிக்கிளைகளைக் கழித்து, கீழே சருகு சேராமல் பார்த்துக்கொண்டால் அந்தப் பயம் குறையும். மண் தரை இல்லையே என்பவர்களும் கவலைப்பட வேண்டாம். தினமும் 5, 6 மணி நேரம் வெயில் படும் மொட்டைமாடி இருந்தால் தொட்டியிலேயே குண்டுமல்லி பூக்கும். புதுத் தளிரில்தான் அது அரும்பு கட்டும் என்பதால், நவம்பர் கடைசியில் கவாத்து செய்து தொழுவுரம் இடுங்கள். பங்குனி, சித்திரையில் பூத்துக் குலுங்கும்.