கிண்ணம் நாலு, களம் எங்கே?

லங்கா பிரிமியர் லீக்கின் முதல் ஐந்து பருவங்களில் நான்கு கிண்ணங்கள் யாழ்ப்பாணத்துக்கு. 2020இல் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் ஒன்று. 2021, 2022, 2024இல் ஜஃப்னா கிங்ஸ் என்ற பெயரில் மூன்று. அந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாணத்தில் நடந்த மட்ச் எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஹம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை என்று சுற்றிய லீக் ஓமந்தையைத் தாண்டி வடக்கே வரவில்லை. திசர பெரேராவும் சொயிப் மாலிக்கும் எங்கள் ஊரின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடியதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்து வெடி கொளுத்தினோம்.

இதை வடக்கின் வழமையான முறைப்பாடு என்று யாரும் ஒதுக்கிவிடலாம். எனக்கோ இன்றைய சர்வதேசக் கிரிக்கெட்டின் முழுக் கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆட்டம் சில இடங்களில் நடக்கும், பணம் அங்கேயே சுழலும், மற்றவர்களுக்குப் பெயரும் தொலைக்காட்சியும் மிஞ்சும். இலங்கை உலகத்தைப் பார்த்துச் சொல்லும் குறையும் இதுதான். யாழ்ப்பாணம் கொழும்பைப் பார்த்துச் சொல்லும் குறையும் இதுதான்.

டைனமோவில் கேட்ட மட்ச்

தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்குக் கிரிக்கெட் காதால் வந்த ஆட்டம். போரால் 1990இல் மின்சாரம் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து சீற்றிலும் ஹான்டிலிலும் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அணைத்து, அதன் வயரை ரேடியோவில் கொடுப்போம். ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து காதைக் கொடுப்பார்கள். சுற்றுபவனின் கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் சோரும். விக்கெட் விழுந்த ஆரவாரத்தில் அவன் பெடலை விட்டுவிட்டால் ஆட்டமிழந்தது யார் என்று அறிய அடுத்த ஓவர் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா சதமடித்து இலங்கைக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். அதற்கு நாலரை மாதம் முன்னர் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்ட சனத்தில் பெரும்பகுதி அப்போது தென்மராட்சியிலும் வன்னியிலும் இடம்பெயர்ந்து கிடந்தது. வெற்றிச் செய்தி அங்கேயும் வந்தது. கொண்டாட்டம் வரவில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தியாவுக்குக் கைதட்டுபவரும் இலங்கைக்குக் கைதட்டுபவரும் ஒரே விறாந்தையில் இருப்பார்கள். சச்சினின் படத்தைச் சுவரில் ஒட்டியவனே முரளியின் 800 விக்கெட்டையும் ஒன்றுவிடாமல் ஒப்புவிப்பான். இதை நாட்டுப்பற்றின் அளவுகோலாக்கிக் கேள்வி கேட்பவர்கள் உண்டு. அந்த நாட்டு அணி எங்கள் ஊருக்கு எப்போதாவது ஒரு மட்ச் ஆட வந்ததா என்பதை அவர்கள் முதலில் கேட்டிருக்கலாம்.

ஒரு வருடத்துக்கு நாலு டெஸ்ட்

2025ஆம் ஆண்டு முழுவதிலும் இலங்கை ஆடிய டெஸ்ட் நான்கே நான்கு. அவுஸ்திரேலியாவோடு காலியில் இரண்டு, பங்களாதேஷோடு காலியிலும் கொழும்பிலும் ஒவ்வொன்று. ஜூன் மாதத்தோடு வருடத்துக் கணக்கு முடிந்தது. திமுத் கருணாரத்ன பெப்ரவரியில் தன் நூறாவது டெஸ்டோடு விடைபெற்றார். ஜூனில் அஞ்சலோ மத்யூஸ் 119 டெஸ்டுகளோடு போனார். இனி வருகிற இலங்கை வீரன் ஒருவன் நூறு டெஸ்டைத் தொட வேண்டுமென்றால் எத்தனை வயது வரை ஆட வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

2025 முதல் 2027 வரையான உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் சுற்றில் அவுஸ்திரேலியாவுக்கு 22 டெஸ்ட், இங்கிலாந்துக்கு 21, இந்தியாவுக்கு 18. இலங்கைக்கு 12, அதுவும் எல்லாம் இரண்டு மட்ச் தொடர்கள். 1–1 என்று முடிந்துவிட்டால் யார் பெரியவன் என்பது தெரியாமலே எல்லோரும் விமானம் ஏறிவிடுவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டெஸ்ட் நடத்தினால் சிறிய நாடுகளின் சபைகளுக்குக் கைக்காசு கரையும். இந்தியா வந்தால் மட்டும் ஒளிபரப்பு உரிமை நல்ல விலைக்குப் போகும். ஐசிசியின் 2024–27 வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 வீதம், இலங்கைக்கு நாலரை வீதமளவில். இந்திய ரசிகரும் இந்திய விளம்பரமும் இல்லாவிட்டால் அந்தப் பணமே இல்லை என்று சொல்வார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தியாவோடு மோத இன்னொரு பதினொரு பேர் இல்லாவிட்டால் ஒளிபரப்புவதற்கு என்ன இருக்கிறது? எதிரணிக்குச் சோறு போடாமல் போட்டி வளராது.

2024 பெப்ரவரியில் தென்னாபிரிக்கா நியூசிலாந்துக்கு அனுப்பிய டெஸ்ட் அணியை நினைத்துப் பாருங்கள். அதுவரை ஒரு டெஸ்டும் ஆடாத நீல் பிராண்ட் அணித்தலைவர். முன்னணி வீரர்களில் அநேகர் அதே நேரத்தில் தங்கள் நாட்டு ரி20 லீக்கில். அடுத்த வருடம் ஜூனில் அதே நாடு லோர்ட்ஸில் அவுஸ்திரேலியாவை ஐந்து விக்கெட்டால் வென்று டெஸ்ட் உலகச் சம்பியன் ஆனது. டெம்பா பவுமாவின் கையில் சம்பியனுக்கான தண்டாயுதத்தைப் பார்த்தபோது கண் கலங்கிய தென்னாபிரிக்கர் எத்தனை பேர்! வீரர்களிடம் திறமையும் இருந்தது, ரசிகர்களிடம் ஏக்கமும் இருந்தது. நாட்காட்டியில் மட்டும்தான் இடம் இருக்கவில்லை.

படகில் போகும் ஊரிலிருந்து

டெஸ்டை இரண்டு பிரிவாகப் பிரிக்கும் யோசனை 2025இல் மறுபடியும் மேசைக்கு வந்தது. பலமான அணிகள் தங்களுக்குள் ஆடட்டும், மற்றவர்கள் கீழே ஆடி மேலே ஏறட்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதற்கு அவர்கள் காட்டிய சாட்சியும் சின்னதல்ல. 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகள் 27 ஓட்டங்களுக்குச் சுருண்டன. அந்த ஸ்கோரைப் பார்த்து எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

அதே மேற்கிந்தியத் தீவுகள்தான் அதற்கு ஒன்றரை வருடம் முன்னர், 2024 ஜனவரியில், பிரிஸ்பேனில் அவுஸ்திரேலியாவை எட்டு ஓட்டங்களால் வென்றன. ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்த ஷமார் ஜோசப் கயானாவின் பரகாரா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அந்த ஊருக்கு ஆற்றில் படகில்தான் போக வேண்டும். காவலாளியாக வேலை பார்த்த பெடியன், காலில் பந்து பட்டு நொண்டிக்கொண்டு வந்து, உலகச் சம்பியனைக் கவிழ்த்தான். இரண்டு பிரிவு முறை இருந்திருந்தால் அந்த மட்ச் நடந்தே இருக்காது. நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருந்து படகேறி வந்து பள்ளிக்கூடத்தில் பந்து வீசும் பெடியனுக்கு ஷமார் ஜோசப் யாரென்று விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மார்ச் மாதத்து மூன்று நாள்

நீண்ட ஆட்டத்தைப் பார்க்க இன்றைக்கு யாருக்கு நேரமிருக்கிறது என்று கேட்பவர்களை மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு அழைக்கிறேன். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும்போர் என்ற கிரிக்கெட் ஆட்டம், உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் இடைநின்றும் அழிந்துபோகவில்லை. நூலகத்துக்கும் துரையப்பா விளையாட்டரங்குக்கும் அயலிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் ஆட்டம். காலையிலிருந்தே பழைய மாணவர்களின் கொட்டகைகளில் பாண்ட் முழங்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கொடி கட்டிய வாகனங்கள் ஊரைச் சுற்றும்.

மூன்றாம் நாள் பின்னேரத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது விக்கெட் விழுந்து, சமநிலைக்காகக் கடைசி ஆட்டக்காரன் ஒவ்வொரு பந்தாக மறித்துக்கொண்டு நிற்பான். துடுப்பைச் சுற்றிக் களத்தடுப்பாளர்கள் வளைத்து நிற்பார்கள். ஓட்டம் எதுவும் வராது. ஆனாலும் மதிலோரம் நிற்கும் அறுபது வயதுக்காரர், “டேய் தம்பி, அடிக்காதை, மறி! மறி!” என்று தொண்டை கிழியக் கத்துவார். ஓட்டமே எடுக்காத ஒரு ஓவருக்கு எழும்பும் அந்தக் கைதட்டலை எந்த லீக்காரரும் காசு கொடுத்து வாங்க முடியாது.

சென் பற்றிக்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான பொன் அணிகளின் போர் 1917இலிருந்து வருகிறது. யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதும் இந்துக்களின் போருக்கும் இதே பரபரப்பு. உலகத் தரமான ஆட்டம் என்று இவற்றை யாரும் சொல்லமாட்டார்கள். பிடி தவறும், ரன் அவுட் கோமாளித்தனமாக நடக்கும். ஆனாலும் வருகிறார்கள், ஏனென்றால் ஆடுவது எங்கள் பெடியள், ஆடும் இடம் எங்கள் நிலம். ஐந்து நாள் ஆட்டத்துக்குக் கூட்டமில்லை என்று ஐசிசி கூட்டங்களில் பேசுபவர்கள் பார்க்கத் தவறுவது இந்தச் சொந்தத்தைத்தான்.

வியாஸ்காந்த் போன வழி

மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில், 19 வயதை எட்டும் வேளையில், லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக லெக் ஸ்பின் வீசினார். முதல் விக்கெட் அஞ்சலோ மத்யூஸ். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 ஐபிஎல்லில் காயப்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை எடுத்தது. மே 6ஆம் திகதி வான்கடேயில் அவர் பந்தைக் கையில் எடுத்தபோது, சென்னைக் கொடி பிடிக்கும் எங்கள் ஊர்ப் பெடியள் அன்று ஒருநாள் ஹைதராபாத்துக்கு மாறினார்கள்.

ஆகவே நான் லீக்கின் எதிரி அல்ல. அந்தக் கதவு திறந்திராவிட்டால் வியாஸ்காந்தை நாடு கண்டிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். என் கவலை கதவு ஒன்றே ஒன்றாக இருப்பதில்தான். முதல்தரக் கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் அயலிலும் இருக்கின்றன. வடக்கிலோ நீண்ட காலம் மெற்றிங் விரித்த ஆடுகளங்களே கதி. மெற்றிங்கில் பழகிய கையும் காலும் புல் ஆடுகளத்துக்குப் போனால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். ஊர்க் கழகங்களில் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குக் குறைவில்லை. கடினப்பந்துக்கு வேண்டிய பாட், கிளவுஸ், ஹெல்மெட் வாங்க ஒரு கூலித் தகப்பனால் முடியாது. அதையும் தாண்டி ஒருவன் வந்தால் கொழும்பில் அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு, தெரியாத பாஷை. ரியூசனுக்குப் போ என்று தாய் சொல்வதில் பிழை காண எனக்கு வாய் வராது.

இத்தனைக்கும் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது, 1982 பெப்ரவரியில், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில். பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய மைதானம் அது. 1948இல் பிராட்மனின் அணிக்கு எதிராக இலங்கையை வழிநடத்தியவர் மகாதேவன் சதாசிவம். தமிழருக்கு இந்த ஆட்டத்தின் மேல்வாசலில் பெயர் எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மண்ணுக்குத்தான் படிக்கட்டு கட்டப்படவில்லை.

மண்டைதீவில் அடிக்கல்

2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடலேரியும் கண்டலும் சூழ்ந்த அந்தத் தீவின் சூழலுக்கு என்ன ஆகும் என்று சூழலியலாளர்கள் எழுப்பும் கேள்வியை, அபிவிருத்திக்கு எதிரான பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இன்னொரு பாடம் தெற்கிலேயே இருக்கிறது. 2011 உலகக் கிண்ணத்துக்காக ஹம்பாந்தோட்டை சூரியவெவயில் கட்டிய பெரிய மைதானம் வருடத்தில் எத்தனை நாள் திறக்கிறது? அயலில் ஆடுபவன் இல்லாத இடத்தில் கட்டிய மைதானத்துக்குக் காவலாளியைத்தான் நியமிக்க வேண்டிவரும்.

எனவே வரிசை மாறக்கூடாது. முதலில் வடக்கின் பாடசாலை மைதானங்களில் நல்ல புல் ஆடுகளங்களும் அவற்றைப் பராமரிக்கச் சம்பளத்தோடு ஆட்களும். பிறகு யாழ்ப்பாணத்தைத் தளமாகக் கொண்ட ஒரு முதல்தர அணி. அதன்பிறகு மின்னொளிக் கோபுரம், அதன்பிறகு இந்தியாவோ அவுஸ்திரேலியாவோ. உலக அளவிலும் அடித்தளம்தான் முதலில்: எந்த டெஸ்ட் தொடரும் மூன்று மட்சுக்குக் குறையக்கூடாது, வெளிநாட்டுக்குப் போகும் அணிக்கும் ஒளிபரப்பு வருமானத்தில் பங்கு வேண்டும், லீக்குகளுக்கு ஒதுக்கியதுபோல் டெஸ்டுக்கும் நாட்காட்டியில் கைவைக்க முடியாத மாதங்கள் வேண்டும். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆறு அணிகளோடு ரி20 வருகிறது. ஆட்டம் புதிய நாடுகளுக்குப் போவது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே அதை வைத்திருக்கும் நாடுகளுக்குள் அது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

இலங்கைக் கிரிக்கெட் சபைக்கு ஒரு பந்தயம் சொல்கிறேன். மண்டைதீவு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற பருவத்தில் ஒரேயொரு நாலு நாள் முதல்தர ஆட்டத்தை யாழ்ப்பாணத்துக்குத் தாருங்கள். நட்சத்திர வீரர் எவரும் வேண்டாம், இரண்டு அணிகளிலும் சேர்த்து எங்கள் பெடியள் மூன்று நான்கு பேர் இருந்தால் போதும். மூன்றாம் நாள் பின்னேரம் மைதானம் வெறிச்சென்று கிடந்தால் நீண்ட ஆட்டம் செத்துவிட்டது என்று அறிவித்துவிடுங்கள். நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.