கால் கட்டைவிரலைத் தூக்கினால் முழங்கால் திரும்பும்... தெரியுமா?

நம்பாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நில்லுங்கள். உடம்பின் எடை காலில் நன்றாக இறங்கட்டும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, உங்கள் கால் கட்டைவிரலை மட்டும் மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் குழிவு தானாக எழும்பும். கணைக்கால் எலும்பு மெல்ல வெளிப்பக்கம் திரும்பும். அதோடு சேர்ந்து முழங்காலும்!

விரலுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை கெட்டியான பட்டை ஒன்று ஓடுகிறது. விரல் மேலே மடங்கினால், கிணற்று ராட்டினத்தில் கயிறு இழுபடுவதுபோல அந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றி இழுபடும். குதிகாலும் விரலடியும் நெருங்கும், நடுவில் வளைவு உயரும், தளர்ந்திருந்த பாதம் விறைப்பாகும். நடக்கும்போது ஒவ்வொரு அடியின் முடிவிலும் குதிகால் எழும்புகிறதே, அப்போது நடப்பது இதேதான். 1954-ல் ஜே. எச். ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விவரித்து எழுதினார். இப்படிச் சேர்ந்து இயங்க ஒரு பாதத்துக்கு 26 எலும்புகள். இரண்டுக்கும் 52. உடம்பின் மொத்த எலும்புகளில் கால்வாசி, தரையைத் தொடும் இந்த இடத்திலேயே இருக்கிறது!

அந்தப் பட்டைதான் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுருக்கென்று குத்தும் குதிகால் வலிக்கும் காரணம். டென்மார்க் ஆராய்ச்சியாளர் மைக்கேல் ராத்லெஃபும் குழுவினரும் 48 நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணியிடம், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கச் சொன்னார்கள். துண்டு எதற்கு? விரலை மேலே மடக்கி, பட்டையை இழுத்துப் பிடித்து, அதன்மேலேயே பாரம் ஏற்றத்தான்! மூன்று மாதத்தில், பட்டையை நீட்டும் பயிற்சி செய்த மற்ற அணியைவிட இவர்களுக்கு நல்ல குணம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணியும் சமம்தான். ஆனாலும் வலியோடு இருப்பவருக்குச் சீக்கிரம் குறைவது சும்மாவா?

இன்னொரு சோதனை. பாதத்தை அசைக்காமல் நின்றபடி, புட்டத்துத் தசைகளை இறுக்கி முழங்கால்களை வெளியே திருப்பப் பாருங்கள். உள்ளங்கால் குழிவு உயர்கிறதா? கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டு சாய்வாக அமைந்திருப்பதால், மேலே திருகினால் கீழே வளையும், கீழே சரிந்தால் மேலே திருகும். முழங்கால் வலியென்று போனவரிடம் பிசியோதெரபிஸ்ட் செருப்பைக் கழற்றச் சொல்வதும் கணுக்கால் சுளுக்கு ஆறியவருக்கு இடுப்புப் பயிற்சி கொடுப்பதும் இதனால்தான்.

கணுக்கால் மடங்கவில்லை என்றால் என்ன ஆகும்? குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். குதிகால் எழும்பும், அல்லது பாதம் உள்ளே சரிந்து முழங்காலையும் இழுத்துக்கொண்டு போகும், அல்லது ஆள் பின்பக்கம் விழுவார். மாவுக்கட்டு பிரித்தவர்கள் படி இறங்கத் திணறுவதும் இதே கதை.

இந்த மூட்டை மனதில் வைத்துப் பிறந்ததுதான் ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக் கால்! அப்போதைய மேல்நாட்டுச் செயற்கைக் கால் ஷூவுக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரும் மனிதருக்கானது. உள்ளே விறைப்பான கட்டை, கணுக்கால் மடங்காது. குத்தவைக்க முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. நம் ஊர் விவசாயிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 1968-ல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் ஸ்பாஞ்சு ரப்பரையும் மரத்தையும் அடுக்கி, மேலே டயர் ரப்பரைப் பொதிந்து, எல்லாப் பக்கமும் வளையும் காலைச் செய்தார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத கைவினைஞர் ஒருவர் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதைப் பாராட்டுகிறவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1984-ல் மறுபடி மேடையேறியது இந்தக் காலோடுதான்!

சரி, மருத்துவரே தன் காலைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்துக் குணமான கதை தெரியுமா? ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃபிரெட்ஸனுக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாணில் தீராத வலி. அறுவை சிகிச்சை கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தாலாவது செய்வார்கள் என்று, வலிக்க வலிக்கப் படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டு இறக்கினார். நாண் அறுந்ததா? இல்லை, வலிதான் போனது! 1998-ல் 15 ஓட்டக்காரர்களிடம் 12 வாரம் இதையே செய்துபார்த்து அறிக்கை வெளியிட்டார். பதினைந்து பேரும் திரும்ப ஓடினார்கள். (நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.)

அடிக்கடி சுளுக்குகிற கணுக்கால்? அங்கே சேதமாவது தசைநார் மட்டுமல்ல, மூட்டு எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும்தான் என்று 1965-லேயே பிரிட்டனில் மருத்துவர் ஃப்ரீமேன் சொன்னார். ஆடும் பலகையில் நிற்கவைக்கும் பயிற்சி அந்த வழியில் வந்தது.

நரம்புகள் வலியைக்கூடச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் வேலூர்! 1946-ல் அங்கே வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதப் புண் நோய் தின்றதால் வருவதல்ல என்று கண்டார். நமக்கு ஓர் இடம் வலித்தால், நாமறியாமலேயே நடையை மாற்றிப் பாரத்தை வேறிடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். மரத்துப்போன பாதம் மாற்றாது. ஆயிரமாயிரம் அடியும் அதே இடத்தில் விழும். 1966-ல் அவர் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனபோது இந்த அறிவும் கூடவே போய், சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கு உதவியது. இன்று நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் கடையில் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பர், முதலில் தொழுநோயாளிகளின் கால்களைக் காத்த ரப்பர்!