முடி உதிர்வுக்கு ஆப்பிள் சைடர் வினிகர்: ஹதீஸில் இருப்பதும் இல்லாததும்

"ஹஜ்ரத், நீங்கதானே ஜும்ஆ பயான்ல சொன்னீங்க?"

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் இப்படிக் கேட்டார். தொப்பிக்கு அடியில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. அவர் டெங்கு காய்ச்சலில் படுத்து எழுந்து இரண்டரை மாதம் கழித்து, சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக முடி வந்திருக்கிறது. நிக்காஹ் தேதியோ குறித்தாகிவிட்டது. பயந்துபோனவர் கடையில் ஆப்பிள் சைடர் வினிகர் பாட்டில் ஒன்றை வாங்கி, தண்ணீர் கலக்காமல், எலுமிச்சைச் சாறும் சேர்த்து, பஞ்சில் நனைத்துத் தலையில் வைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார். மூன்று இரவுகள். எரிந்தபோதெல்லாம் "மருந்து வேலை செய்கிறது" என்று பொறுத்துக்கொண்டாராம். நான்காம் நாள் கொப்புளம், பிறகு சீழ்.

நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். வினிகரின் சிறப்பைப் பற்றிய ஹதீஸைச் சொன்னேன். அது சரி. அந்தப் பேச்சின் வேகத்திலேயே "வயிற்றுக்கு நல்லது, தோலுக்கு நல்லது, முடி கொட்டுவதைக்கூட நிறுத்தும்" என்றும் சொல்லியிருந்தேன். அந்தக் கடைசிப் பகுதி எந்தக் கிதாபிலும் நான் ஓதியதல்ல. அந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. மிம்பரில் நின்று ஹதீஸோடு ஒட்டிச் சொன்னதால், கேட்டவருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

ஹதீஸ் என்ன சொல்கிறது?

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அறிவிக்கும் செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். காடி, அதாவது வினிகர் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள் வீட்டார். அதையே கொண்டுவரச் சொல்லி, அதைப் புகழ்ந்தபடியே உண்கிறார்கள். அரபியில் வரும் சொல் "இதாம்". ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் எதற்கும் அந்தப் பெயர்தான். ஆக, பேச்சு சாப்பாட்டைப் பற்றியது.

இமாம் கத்தாபீ, காழீ இயாள் (ரஹ்) போன்றோர், எளிய உணவோடு திருப்தி அடைவதைப் புகழும் செய்தி இது என்று விளக்கினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, இல்லை, புகழப்படுவது வினிகரேதான் என்றார்கள். எந்த விளக்கத்தை எடுத்தாலும் உணவுத் தட்டை விட்டு நாம் வெளியே போவதில்லை. ஆப்பிள் என்ற பேச்சே அதில் இல்லை. தலையில் பூசுவது பற்றியும் இல்லை. தம் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் விடுத்த கடும் எச்சரிக்கையை மதரஸாவில் முதல் ஆண்டு மாணவனும் அறிவான். "வேண்டுமென்றே சொல்லவில்லையே" என்று என்னை நானே தேற்றிக்கொண்டாலும், பாட்டில் விற்பவர்கள் லேபிளில் ஹதீஸ் போடுவதைப் பார்க்கும்போது மனம் கூசுகிறது.

வினிகர் முடிக்கு என்ன செய்கிறது?

ஒன்றுமே செய்யாது என்று சொன்னால் அதுவும் நேர்மையல்ல. ஆப்பிள் சாற்றை ஈஸ்ட் புளிக்க வைத்து ஆல்கஹாலாக்குகிறது. பிறகு ஒருவகை பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகிறது. கடையில் கிடைக்கும் பாட்டிலில் இந்த அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம் இருக்கும். அதன் பிஹெச் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில். நம் தலைத்தோலின் மேற்பரப்பு 5.5 அளவில் இருக்கிறது. பிஹெச் எண்ணில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்த இளைஞர் இரவெல்லாம் தலையில் எதைக் கட்டிக்கொண்டு படுத்தார் என்பது புரியும்.

முடியின் மேல்பகுதி மீன் செதில்போல அடுக்கடுக்கானது. காரத்தன்மையுள்ள சோப்பும் சில ஷாம்புகளும் அந்தச் செதில்களைத் தூக்கிவிடும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும். நன்றாக நீர்த்த வினிகரால் அலசினால் செதில்கள் படிந்து, முடி பளபளக்கும். சிக்கு குறைந்து சீப்பில் அறுபடுவதும் குறையலாம். இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. உயிருள்ள வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில், இரத்த ஓட்டத்தை நம்பி இருக்கிறது. அங்கே போய் வினிகர் புதிய முடியை முளைக்க வைக்கிறது என்று மனிதர்களிடம் முறையாகச் சோதித்து யாரும் நிரூபிக்கவில்லை.

அப்படியானால் "எனக்கு நின்றுவிட்டது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்ந்து, பிறகு உதிர்ந்து, அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு, பெரும் துக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை எல்லாம் சேர்ந்து உதிரும். காய்ச்சலை அதற்குள் மறந்திருப்போம். தண்ணீரைக் குறை சொல்வோம், ஷாம்புவைக் குறை சொல்வோம், கண்ணேறு என்பாரும் உண்டு. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகவே நின்று, முடி திரும்ப வளரும். ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது வினிகர் வாங்குகிறான், இரண்டு மாதத்தில் உதிர்வு நிற்கிறது, புகழ் பாட்டிலுக்குப் போகிறது. வெங்காயச் சாறுக்கும் முட்டைக்கும் கிடைத்த நற்பெயரில் ஒரு பங்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். கட்டுப் போட்ட அந்த இளைஞரின் உதிர்வும் இந்த வகைதான் என்று தோல் மருத்துவர் சொன்னார். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே போதுமாம்.

எல்லா உதிர்வும் இப்படித் தானாக நிற்பதில்லை. நெற்றியோரம் ஏறி உச்சியில் வழுக்கை விழும் ஆண்களுக்கு அது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்த விஷயம். வினிகர் அந்த ஹார்மோனைத் தடுக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அதற்குச் சோதித்துப் பார்த்த மருந்துகள் இருக்கின்றன. மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைக் கவனித்து, ஆய்வு செய்து, 1988-ல் அமெரிக்காவில் தலையில் பூசும் மருந்தாக அனுமதித்தார்கள். பலன் தெரியப் பல மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போகும். யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

நம் பெண்களிடம் அடிக்கடி காண்பது இரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடியைத்தான் முதலில் பதம் பார்க்கும் என்று சொல்லுமளவுக்கு இது பரவலானது. எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஹிஜாப் அணிவதால் முடி கொட்டுகிறது என்று சில பிள்ளைகள் வருந்துகிறார்கள். துணி மூடுவதால் முடி உதிராது. வேர் காற்றிலிருந்து மூச்சு விடுவதில்லை. ஆனால் உள்ளே ஈரத் தலையை இழுத்து இறுக்கிக் கொண்டை போட்டு நாள் முழுக்க வைத்திருந்தால், அந்த இழுப்பில் நெற்றியோர முடி மெலியும். தளர்வாகக் கட்டினால் போதும்.

புழுவெட்டு என்று நாம் சொல்லும் வட்ட வழுக்கையில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. அதன் மீது அமிலத்தைத் தேய்ப்பது வீண் எரிச்சல். சிறு பிள்ளைகளுக்கு வட்டமாக முடி உடைந்து, செதில் உதிர்ந்து, அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மதரஸா விடுதிகளில் தொப்பியையும் சீப்பையும் மாற்றிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளிடம் இது எளிதில் பரவும். உஸ்தாதுமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதற்கு வாய்வழி மருந்து தேவை. வினிகரை நம்பி மாதங்களைக் கடத்தினால் சில பிள்ளைகளுக்குத் தழும்பாகி, முடி வராமலேயே போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கிக் காட்டலாம்.

இது ஹலாலா என்றும் கேட்கிறார்கள். ஆல்கஹாலாக இருந்தது தானாகவே வினிகராக மாறிவிட்டால் அது ஆகுமானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஏதாவது பொருளைச் சேர்த்து மாற்றினால் ஹனஃபீ மத்ஹபில் ஆகும். ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் தயாரிப்பு முறையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

பளபளப்புக்காகப் பயன்படுத்த விரும்புவோர் ஒரு பெரிய டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவைத் தாண்ட வேண்டாம். ஷாம்பு போட்ட பிறகு முடியில் ஊற்றி, ஓரிரு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். வாரம் ஒருமுறை போதும். புண், சிரங்கு, சொறிந்த காயம் இருந்தால் வேண்டவே வேண்டாம். கண்ணில் படக்கூடாது. நீர்த்ததுதானே என்று அலட்சியமும் கூடாது: 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 22 பேர் தினமும் பத்து நிமிடம் அரை சதவீத அமிலம் மட்டுமே உள்ள வினிகர் நீரில் கையை ஊற வைத்தார்கள், அதற்கே அவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் எரிச்சல் வந்தது. எரிந்தால் உடனே கழுவி நிறுத்துங்கள். முடி வளர இதைக் குடிப்பவர்களும் உண்டு. அது பல்லின் எனாமலை அரிக்கும். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

அடுத்த ஜும்ஆவில் நான் சொன்னது தவறு என்று அதே மிம்பரில் சொன்னேன். அந்தத் தம்பிக்குக் குறித்த தேதியில் நிக்காஹ் நடந்தது. காய்ச்சலில் கொட்டிய முடியெல்லாம் இப்போது வளர்ந்துவிட்டது. கொப்புளம் சீழ் பிடித்த இடத்தில் மட்டும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தழும்பு. அங்கே முடி இல்லை. "தொப்பி மறைச்சிடுது ஹஜ்ரத்" என்கிறார்.