நீராவி, துப்பாக்கி, மாயக் கையுறை: ‘கரேன் மெமரி’ நாவலில் ஓர் இந்தியப் பெண்ணின் விடுதலை

கௌபாய் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி கிளப்பும் குதிரை, தங்கம் தேடி அலையும் கூட்டம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பற்றிய கதை என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். 1972ஆம் ஆண்டில் கர்ணன் இயக்கிய ‘கங்கா’ போன்ற படங்களும் முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களும் தமிழ் வாசகர்களுக்கும் அந்த உலகத்தை நன்கு பழக்கப்படுத்திவிட்டன.

அதே மண்ணில் வானக் கப்பல்கள் பறந்து, நீராவியால் இயங்கும் ராட்சத இயந்திரங்கள் தெருவில் நடந்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட உலகில் நடக்கும் ஆங்கில நாவல் ‘கரேன் மெமரி’. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் பேர் எழுதிய இந்நூல் 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. சாகசம், மர்மக் கொலை, மனத்தை ஆட்டிப்படைக்கும் சக்தி, காதல் என எல்லாமே இதில் உண்டு.

ஆனாலும் கதையின் மையத்தில் இருப்பவர்கள், கடல் கடந்து கொண்டுவரப்பட்டு அடைத்து வைக்கப்பட்ட பெண்கள். அவர்களில் முக்கியமானவள் பிரியா என்ற இந்தியப் பெண். நம் சமூக வாசகர்கள் இந்த நாவலைக் கவனிக்க அதுவே நல்ல காரணம்.

‘ஸ்டீம்பங்க்’ என்றால் என்ன?

இவ்வகைக் கதைகளுக்கு ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயர். பெட்ரோல் வண்டியும் கணினியும் வருவதற்கு முந்தைய நீராவிக் காலம்தான் இவற்றின் களம். அந்தக் காலத்தின் கொதிகலன், பித்தளைக் குழாய், பற்சக்கரம் ஆகியவற்றைக் கொண்டே மனிதன் பறந்திருந்தால், யோசிக்கும் இயந்திரத்தைச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுத்தாளர் கற்பனை செய்வார்.

இந்தப் பெயரைத் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ. ஜீட்டர். 1980களில் கணினிகளும் எதிர்கால நகரங்களும் நிறைந்த ‘சைபர்பங்க்’ கதைகளுக்கு மவுசு இருந்தது. அந்தப் பெயரையே சற்றுக் கிண்டலாக மாற்றி, தானும் தன் நண்பர்களும் எழுதும் கதைகளுக்கு ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயரிடலாம் என 1987ஆம் ஆண்டில் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

பெயர்தான் புதிது, கற்பனை பழையது. 1868ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் எல்லிஸ் என்பவர் ‘புல்வெளியின் நீராவி மனிதன்’ என்ற பொருள்படும் மலிவுவிலை நாவலை அமெரிக்காவில் எழுதினார். நீராவியால் ஓடும் இரும்பு மனிதன் ஒருவன் மேற்குப் புல்வெளிகளில் வண்டி இழுத்துச் செல்வதுதான் கதை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நீராவி வீடு’ நாவலில், வட இந்தியச் சாலைகளில் ஓர் இரும்பு யானை நடமாடும் வீட்டை இழுத்துச் செல்கிறது. அவருடைய புகழ்பெற்ற நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கேப்டன் நீமோவும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் போரிட்ட இந்திய இளவரசர்தான் என்பது ‘மர்மத் தீவு’ நாவலில் தெரியவரும். ஆக, இந்தியருக்கு இக்கதைகளில் தொடக்கத்திலிருந்தே இடம் உண்டு.

கதை என்ன?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ‘ரேபிட் சிட்டி’ என்ற கற்பனைத் துறைமுக நகரம். தங்கம் தேடி அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் கூடும் ஊர். சியாட்டல் போன்ற உண்மையான துறைமுக நகரங்களின் சாயலை இதில் காணலாம்.

கதையைச் சொல்பவள் கரேன். குதிரை பழக்குபவரின் மகள். பெற்றோரை இழந்த பின் பிழைக்க வழியின்றி ஒரு விலைமாதர் விடுதியில் வேலை செய்கிறாள். ஆனால் நகராட்சிப் பதிவேட்டில் அந்தப் பெண்கள் எல்லாரும் ‘தையல்காரிகள்’. அந்தப் பெயரிலேயே அவர்களிடம் வரியும் வசூலிக்கப்படுகிறது. காசு சேர்த்து, என்றாவது ஒரு நாள் சொந்தமாகக் குதிரைப் பண்ணை வைக்க வேண்டும் என்பது கரேனின் கனவு.

ஒரு நாள் இரவு, குண்டடிபட்ட சீனப் பெண் மெர்ரி லீயும் மெலிந்து களைத்த பிரியாவும் அந்த விடுதியின் கதவைத் தட்டுகிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய கொட்டடிகளில் வெளிநாட்டுப் பெண்களை அடைத்து வைத்துப் பணம் பண்ணும் பீட்டர் பேன்டல் என்பவனிடமிருந்து தப்பி வந்தவள் பிரியா. அடைபட்ட பெண்களை மீட்பதையே வேலையாகக் கொண்டவள் மெர்ரி லீ.

விடுதியார் அடைக்கலம் தருகிறார்கள். பேன்டல் அடியாட்களோடு வந்து நிற்கிறான். அவனிடம் ஒரு விசித்திரக் கையுறை இருக்கிறது. அதை ஓர் இயந்திரத்தோடு இணைத்து, எதிரில் இருப்பவரின் மனத்தையே தன் விருப்பப்படி வளைக்க அவனால் முடியும். போதாக்குறைக்கு அவன் நகர மேயர் பதவிக்கும் குறி வைக்கிறான். பிறகு ஊரில் பெண்களின் சடலங்கள் கிடக்கத் தொடங்குகின்றன. கொலைகாரனைத் துரத்திக்கொண்டு பாஸ் ரீவ்ஸ் என்ற கறுப்பின மார்ஷலும் அவருடைய கொமாஞ்சி இனத் தோழரும் வந்து சேர்கிறார்கள்.

அடுத்து நடப்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் உள்ளே ஏறி இயக்கக்கூடிய ராட்சதத் தையல் இயந்திரம் ஒன்று கதையில் உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். பெயரளவுக்குத் ‘தையல்காரி’யாக இருந்த கரேன், அந்த இயந்திரத்தில் ஏறிச் சண்டைக்குப் புறப்படும் இடம் சுவையானது.

கற்பனைக்குள் இருக்கும் வரலாறு

வானக் கப்பலும் மாயக் கையுறையும் கற்பனை. ஆனால் நாவலில் நம்ப முடியாததாகத் தோன்றும் சில விஷயங்கள் உண்மையானவை.

மார்ஷல் பாஸ் ரீவ்ஸ் வரலாற்றில் வாழ்ந்தவர். 1838ஆம் ஆண்டில் ஆர்கன்சா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, தப்பியோடிப் பூர்வகுடியினரிடையே வாழ்ந்தவர். 1875ஆம் ஆண்டு முதல் துணை மார்ஷலாகப் பணியாற்றி, 3,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்ததாகக் கூறப்படுகிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிடியாணைகளைப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். மனைவியைக் கொன்ற சொந்த மகனையே கைது செய்தவர் அவர். ரேபிட் சிட்டி சாகசம் மட்டும் நாவலாசிரியரின் கற்பனை.

‘தையல்காரி’ என்ற மறைபெயரும் சியாட்டலின் பழங்கதைகளில் இருப்பதுதான்.

பேன்டலின் கொட்டடிகளுக்கும் வரலாற்று அடிப்படை உண்டு. அன்றைய சான்ஃபிரான்சிஸ்கோவுக்குச் சீனாவிலிருந்து ஏழைப் பெண்கள் கொண்டுவரப்பட்டார்கள். நல்ல வேலை என்றும் திருமணம் என்றும் சொல்லி ஏமாற்றப்பட்டவர்களும், குடும்பத்தாரால் விற்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தனர். கப்பல் செலவைக் கடனாகக் காட்டி, படிக்கத் தெரியாத பெண்ணிடம் ஒப்பந்தத்தில் கைரேகை வாங்குவார்கள். நோயில் படுத்த நாள்களைக் கணக்கிட்டு ஒப்பந்தக் காலத்தை நீட்டுவார்கள். கடன் அடையவே அடையாது.

1875ஆம் ஆண்டின் ‘பேஜ் சட்டம்’ இப்படிப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடை செய்தது. நடைமுறையில் அது சீனப் பெண்கள் நாட்டுக்குள் வருவதையே பெருமளவு தடுத்தது. ஏற்கெனவே சிக்கியிருந்தவர்களுக்கு அதனால் விடிவு பிறக்கவில்லை. 1895ஆம் ஆண்டு முதல் சான்ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்தவ இல்லம் ஒன்றில் பணியாற்றிய டொனால்டினா கேமரன் போன்றவர்கள், மீட்புப் பணியை நேரில் இறங்கிச் செய்தார்கள். மெர்ரி லீ என்ற பாத்திரத்தைப் படிக்கும்போது இந்த வரலாறு நினைவுக்கு வரும்.

மாய சக்தியும் காதலும்

பேன்டலின் கையுறை கதையில் ஒரு கருவிதான். ஆனால் அதன் பிடியில் சிக்கியவர்களுக்கு அது பில்லி சூனியம் போலவே இருக்கிறது. தன் உடலும் மனமும் தன் வசம் இல்லாமல் போவதுதான் அதன் கொடுமை. கொட்டடிப் பெண்களின் நிலையும் அதுவே. அதனால்தான் அந்த மாயக் கருவி வெறும் வித்தையாக நின்றுவிடாமல் கதையோடு ஒட்டிப்போகிறது.

2018ஆம் ஆண்டில் வந்த இதன் தொடர்ச்சியான ‘ஸ்டோன் மேட்’ என்ற குறுநாவலில் அமானுஷ்யம் இன்னும் கூடுதல். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் சகோதரிகளும், ‘டாமிநாக்கர்’ என்ற சுரங்கப் பூதமும் அதில் வருகின்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக அமெரிக்கா போனபோது, தங்கள் ஊர் நம்பிக்கையாகக் கொண்டுபோன பூதம் அது.

நாவலின் காதல் கரேனுக்கும் பிரியாவுக்கும் இடையே, அதாவது இரண்டு பெண்களுக்கு இடையே மலர்கிறது. ஆசிரியர் அதை அவசரப்படுத்தவில்லை. பிரியா கொடுமையிலிருந்து தப்பி வந்தவள் என்பதைக் கரேன் உணர்ந்து, அவளாகப் பேசும் வரை காத்திருக்கிறாள். பிரியாவும் பரிதாபத்திற்குரியவளாக மட்டும் இருந்துவிடவில்லை. மொழிகளைச் சட்டென்று பிடித்துக்கொள்பவள். இயந்திரங்களைப் பிரித்து மேய்வதில் கெட்டிக்காரி. தான் தப்பித்தால் போதும் என்றில்லாமல், இன்னும் சிக்கியிருக்கும் தன் சகோதரியை மீட்கத் துடிப்பவள்.

நமக்கும் தெரிந்த நீராவிக் காலம்

நீராவிக் காலம் நம் வட்டாரத்திற்கும் அந்நியமானது அன்று. அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத உறையாக இருந்தது ‘கட்டாபெர்ச்சா’ என்ற மரப்பால். மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளில் மரங்களை வெட்டி எடுத்த அந்தப் பால் சிங்கப்பூர் வழியாகவே உலகச் சந்தைக்குப் போனது. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது.

அதே காலத்தில்தான் தமிழர்கள் சஞ்சிக்கூலிகளாகக் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மலாயாவில் அம்முறை 1910ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. சஞ்சிக்கூலிகளின் நிலையும் பேன்டலின் கொட்டடியில் இருந்த பெண்களின் நிலையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் முன்பணம், ஒப்பந்தம், கைரேகை, அடையாத கடன் ஆகியவற்றைத் தாத்தா பாட்டி வழியாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்குப் பிரியாவின் கதையைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படாது.

ஸ்டீம்பங்க் கதைகளில் பல, பித்தளை இயந்திரங்களின் பளபளப்பிலும் சீமாட்டிகளின் உடை அழகிலும் நின்றுவிடுகின்றன. அந்தக் காலத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர் யார், கப்பலின் அடித்தளத்தில் வந்தவர் யார் என்று அவை கேட்பதில்லை. ‘கரேன் மெமரி’ கேட்கிறது. துப்பாக்கிச் சண்டைக்கும் துரத்தலுக்கும் குறை வைக்காமல் கேட்கிறது என்பதுதான் அதன் பலம்.

யார் படிக்கலாம்?

கதைக்களமும் வன்முறைக் காட்சிகளும் காரணமாக இது பெரியவர்களுக்கும் முதிர்ந்த இளையர்களுக்கும் ஏற்ற நூல். சிறுவர்களுக்கு ஏற்றதன்று. அதிகம் படிக்காத பெண் ஒருத்தி வாய்விட்டுப் பேசுவது போன்ற கொச்சை ஆங்கிலத்தில் கதை செல்வதால், முதல் சில பக்கங்கள் சற்றுத் தடுமாற வைக்கலாம். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அந்த நடை விரைவில் பிடிபடும்.

ஆங்கிலக் கதை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் படித்து முடித்ததும் பிரியாவைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். கொள்ளுப்பாட்டி எந்தக் கப்பலில், யாருடைய பேச்சை நம்பி வந்தார் என்ற குடும்பக் கதையை அப்போது அவர்களுக்குச் சொல்லலாம்.