காயல் குதிரையும் பக்கத்தில் நடக்கிறவனும்

13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், ஏடனிலிருந்து காயலில் குதிரைகள் இறங்கியதை மார்க்கோ போலோ சொல்கிறார். அந்தக் காயல் நம்ம பழையகாயல்தான் என்பது கால்டுவெல் கணிப்பு. கறிச்சோறு போட்டு, பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவற்றைச் சாகவிட்டார்களாம்!

குதிரை நடக்கும்போது அதன் முதுகு, மேலே இருப்பவர் இடுப்பை முன்பின்னாக, பக்கவாட்டில், சுழற்சியாக அசைக்கும். மனித நடையும் அப்படித்தான். நடந்தே பார்க்காத பிள்ளையின் இடுப்புக்கு அது நடையைக் காட்டிக்கொடுக்கிறது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். ஐரோப்பா அதன்பிறகு இதை அதிகமாகக் கவனித்தது.

ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் வேணும். ஒருவர் கயிறு பிடிப்பார்; இருபுறமும் இருவர் தொடையில் கை வைத்தபடி நடப்பார்கள். ஞாயிறுகளில் நான் இடப்பக்கம். இருபது நிமிஷத்தில் கை மரத்துவிடும். பேச்சு வராத ஒரு பையன், குதிரை நின்றால் இடுப்பை முன்னால் தள்ளுவான். "போ"ன்னு அர்த்தம்.